மனைவியின் ஆட்டத்துக்கு நடுவர்

உக்குவளைக்கு மேலே, தோட்டத்து வெள்ளைத் துரைமார் விட்டுப்போன கிளப்பில் ஒரேயொரு ஸ்குவாஷ் கோர்ட் இருந்தது. 1988இல் அதில் ஆடியவர்கள் நாங்கள் எட்டுப் பேர்தான். நடுவருக்கென்று தனியாள் கிடையாது. கடைசியாகத் தோற்றவரே அடுத்த ஆட்டத்துக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். அரையிறுதியில் பலீலிடம் தோற்றவன் நான். இறுதியாட்டத்தில் அவரை எதிர்த்தவள் என் மனைவி சுசீலாதேவி.

பலீல் மிளகு வியாபாரி. சுசீலா பல் வைத்தியர்.

"டொக்டர், போன மாசம் எண்ட கடவாப்பல்லப் புடுங்கினீங்க. இண்டைக்கிப் பாருங்க," என்றார் பலீல்.

"மத்தப் பக்கமும் ஒண்ணு ஆடிக்கிட்டு இருக்கு. மறந்துடாதீங்க."

அடுத்த மாதம் அவளுக்குப் பொலன்னறுவைக்கு மாற்றம். அங்கே கோர்ட் இல்லை. இதற்கு முன் இரண்டு இறுதியாட்டங்களில் பலீலிடம் தோற்றிருந்தாள். இந்த ஒரு தடவை வெல்ல வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுவதும் சோறு பிசையும்போதுகூட மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊரடங்குக்கு முன் வீடு சேர வேண்டும் என்பதால் இரண்டு மணிக்கே தொடங்கினோம். நான் கோர்ட்டின் பின்சுவருக்கு மேலிருந்த மேல்தட்டில் இருந்தேன்; எனக்குப் பின்னால் வாங்குப் பலகையில் பார்க்க வந்த நான்கு பேர். விதிப்புத்தகத்தை முழுதாக வாசித்தவன் நான் ஒருவன்தான். எதிராளி வழியில் நின்றால் ஆட்டத்தை நிறுத்தி 'லெட் ப்ளீஸ்' என்று கேட்கலாம்; தீர்ப்பு மூன்றில் ஒன்று. வெறும் இடைஞ்சல் என்றால் 'லெட்', மறுபடி ஆட வேண்டும். முன்சுவருக்குப் போகும் அடியையே மறைத்து நின்றால் 'ஸ்ட்ரோக்', புள்ளி கேட்டவருக்கு. கேட்டவருக்குப் பந்து எட்டியே இருக்காது என்றால் 'நோ லெட்', அந்தப் பந்தை அவர் இழப்பார்.

இரண்டாவது கேமில் அவள் சேர்வ் போட்ட பந்து திரும்பி வந்தபோது, பலீல் அவளுக்கு நேர் முன்னால் நின்றார். அவள் கேட்டாள். அது ஸ்ட்ரோக். வாங்கில் இருந்த நான்கு பேரும் என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன்.

"லெட்," என்றேன்.

நான்காவது கேமில் மறுபடியும் கேட்டாள். "நோ லெட்," என்றேன்.

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துவிட்டுப் போய் நின்றாள்.

"மனுசிக்கே விட்டுக்குடுக்கல்லயே. நேர்மையான ஆள்," என்றார் பின்னாலிருந்த ஞானசுந்தரம். என் பயத்தைத்தான் அவர் புகழ்ந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆளுக்கு இரண்டு வென்று, ஐந்தாவது, கடைசிக் கேம். எட்டுக்கு ஏழு. சேர்வ் அவளிடம். இன்னும் ஒரு புள்ளி போதும். பந்து பின்சுவரில் பட்டு நடுவே வந்தது. பலீல் அவளுக்கு முன்னால் அசையாமல் நின்றார். அடித்திருந்தால் அவர் முதுகில்தான் பட்டிருக்கும். ஓங்கிய மட்டையை இறக்கினாள்.

"லெட் ப்ளீஸ்," என்றாள், என்னைப் பாராமல் சுவரைப் பார்த்து.

யாரோ இருமினார்கள்.

"ஸ்ட்ரோக். ஒன்பதுக்கு ஏழு. ஆட்டம் முடிந்தது."

"ஆமா, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேணுமே," என்றார் ஞானசுந்தரம். வாங்கு முழுவதும் சிரித்தது.

பலீல் முகத்தைத் துடைத்தபடி மேலே பார்த்தார். "ரெண்டாவது கேம்லயே குடுத்திருக்கணும் சேர். நான் மரம் மாதிரி நிண்டேன்."

சிரிப்பு அடங்கியது.

வெளிப்படியில் உட்கார்ந்து சுசீலா ஒரு காலின் சப்பாத்தைக் கழற்றினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"முந்தின ரெண்டும்?" என்றாள்.

"ரெண்டாவது கேம்ல ஸ்ட்ரோக். நாலாவதுல லெட். ரெண்டும் என் பிழை."

"நாலாவதும் ஸ்ட்ரோக்தான்."

"இல்ல. பந்து ஒனக்கு எட்டும். ஆனா முன்சுவருக்கு வழி இருந்துச்சு."

அவள் கண்ணை மூடி அந்தப் பந்தை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தாள்.

"சரி, லெட்," என்று சொல்லி, மற்றச் சப்பாத்தின் நாடாவை இழுத்தாள்.