இரண்டரை என்று எழுதினேன்

ரீனோ நகரச் சூதாட்டக் கூடத்தில் நான் பந்தயச் சீட்டு எழுதிய காலத்தில் கணினி கிடையாது. பலகையில் சாக்பீஸால் எண்கள் எழுதியிருக்கும். ஜன்னலுக்குப் பின்னால் பேனாவும் கார்பன் தாளுமாக நான் உட்கார்ந்திருப்பேன். சிகரெட் புகையில் கண் எரியும். அந்தப் புகைக்குக்கூட இப்போது மனம் ஏங்குகிறது என்றால் சிரிப்பீர்கள்.

வெர்ன் டட்டில் மலைக்கு அப்பாலிருந்து பேருந்து ஓட்டி வருபவன். ஞாயிறுதோறும் என் ஜன்னலுக்கே வந்து டீசர் என்ற பந்தயம் கட்டுவான். அமெரிக்கக் கால்பந்தில் ஒரு அணி எட்டரை புள்ளி வித்தியாசத்துக்கு மேல் ஜெயிக்க வேண்டும் என்று பலகை சொன்னால், டீசர்காரனுக்கு ஆறு புள்ளி தள்ளுபடி. இரண்டரைக்கு மேல் ஜெயித்தால் போதும். ஆனால் இரண்டு ஆட்டங்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும், இரண்டும் வர வேண்டும். ஒன்று சறுக்கினால் மற்றதும் போச்சு. தள்ளுபடி என்றால் யாருக்குத்தான் நாக்கு ஊறாது?

ஐந்து ஞாயிறு தொடர்ந்து தோற்றான். ஐந்து ஞாயிறும் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டான். ஏற்கெனவே ஒரு தோல்விக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டு மீண்டவள் நான்.

"சீசன்ல இன்னும் ஒரு ஞாயிறுதான் பாக்கி. அதுல ஒரே ஒரு டீசர் ஜெயிச்சுக் காட்டு. அப்புறம் பேசலாம்" என்றேன். "தோத்தா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

சொன்ன நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவனை எனக்குப் பிடித்திருந்தது.

சீசனின் கடைசி ஞாயிறு மலையில் பனி. அவன் பேருந்து மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டது. சனிக்கிழமை பலகையில் எட்டரையில் இருந்த டென்வர் அணி, அவன் வந்து நின்றபோது ஒன்பதரைக்கு ஏறிவிட்டது. ஆறு போனால் மூன்றரை. எங்கள் கால்பந்தில் மூன்று புள்ளி வித்தியாசத்தில் முடியும் ஆட்டங்களே அதிகம். மூன்றைத் தாண்டி இறங்காத டீசரை விவரம் தெரிந்தவன் தொடமாட்டான்.

"வேற ஆட்டம் பாரேன், வெர்ன்."

"ஊரெல்லாம் டென்வர்னு சொல்லிட்டேன். எழுது."

டென்வர், இரண்டரை என்று எழுதினேன். கை தவறவில்லை. தெரிந்தேதான் எழுதினேன். சீட்டில் எழுதியதுதான் சட்டம். ஆனால் ஜெயித்த சீட்டைக் கார்பன் பிரதியோடும் பலகைக் கணக்கோடும் ஒப்பிட்டுத்தான் பணம் தருவார்கள். மாட்டினால் எழுதியவளுக்கு வேலை போகும். பதினொரு வருடத்தில் ஒரு அரைப் புள்ளிகூடத் தப்பாக எழுதாதவள் நான்.

அவனுடைய முதல் ஆட்டம் சுலபமாக வந்தது. டென்வர் கடைசி நிமிடத்தில் உதைத்து ஜெயித்தது, மிகச் சரியாக மூன்று புள்ளியில். கூடம் முழுக்கக் கூச்சல்.

வெர்ன் வரிசையில் நின்று வந்தான். பக்கத்து ஜன்னலில் மேலாளர் ப்ரூயிட் நின்றிருந்தார்.

"காலையில ஜன்னலை விட்டு நகர்றதுக்கு முன்னாடியே இந்தச் சீட்டைப் படிச்சிட்டேன் லோர்னா" என்றான், குரலைத் தாழ்த்தி.

"அப்ப ஏன் வாயத் திறக்கல?"

"மனசுல இருக்கறத எழுதிக் கையில குடுத்திருக்க. திருப்பிக் குடுப்பனா?"

சொல்லிக்கொண்டே சீட்டை நாலாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டான்.

"அட லூசு! அது ஜெயிச்ச சீட்டுடா!"

"மூணரைக்குத் தோத்த சீட்டு. உன் வேலைக்கு உலை வச்சிட்டு எனக்கு என்ன கல்யாணம்?" தொப்பியைக் கழற்றினான். "ஆறாவது வாரமும் தோத்துட்டேன். பேச்சை எடுக்கக் கூடாதுன்னு சொன்ன. இருந்தாலும் எடுக்கறேன். தள்ளுபடி எதுவும் வேண்டாம். கட்டிக்கிறியா?"

பின்னால் நின்ற ஒரு கிழவர் பொறுமை இழந்து கத்தினார்: "சீக்கிரம் சொல்லித் தொலைம்மா, அடுத்த ஆட்டம் ஆரம்பிக்கப் போவுது!"

சொல்லித் தொலைத்தேன்.