கல்லறைத் தோட்டத்தில் திருவிருந்து

சபைச் செயலாளர் மயில்சாமி சவப்பெட்டிமேல் வைத்த ரோஜா மாலையை அமுதவல்லி எடுத்துப் பந்தலுக்கு வெளியே போட்டாள். அழுதுகொண்டிருந்த பெண்கள் சட்டென்று நிறுத்திவிட்டார்கள்.

"ஏம்புள்ள, சபை மாலைய இப்பிடியா பண்ணுவாங்க?" என்றார் மயில்சாமி.

"உசுரோட இருந்தப்ப எங்கம்மாவுக்குச் சபை இல்லீங்களே. செத்தப்பறம் எதுக்குங்க?"

பெட்டிக்குள் மாரக்காள் கிடந்தாள். மல்லசமுத்திரத்தைச் சுற்றி அவள் களையெடுக்காத காடு இல்லை. வெயில் ஏறிய கறுப்பு. வரப்பிலேயே பெண்களை உட்காரவைத்து ஜெபம் பண்ணுவாள். குடித்துவிட்டு அடிக்கிற புருஷன்மாரைப் பெயர் சொல்லியே கடவுளிடம் முறையிடுவாள்.

இறையியல் படிக்கப் போன அமுதவல்லி ஒருநாள் ஃபோனில் சொன்னாள்: அமெரிக்காவில் பருத்திக்காட்டு அடிமைகளாக இருந்த கறுப்புப் பெண்களின் பேத்திகள் இப்போது எழுதுகிறார்கள், கடவுள் முதலாளி பக்கம் நிற்கவில்லை, எங்கள் பாட்டிகளோடுதான் குனிந்து பருத்தி எடுத்தார் என்று.

மாரக்காள் சிரித்தாள். "இதுக்கு ஏஞ்சாமி அத்தன படிப்பு? களையெடுக்கறப்ப அவ எம்பக்கத்துலதான இருக்கா. என்னாட்டவே கறுப்பு."

கடவுளைச் சொன்ன அந்த 'அவ'தான் வினையானது. பெண்கள் ஜெபத்தில் அதையே சொல்லப்போக, மயில்சாமி கமிட்டியைக் கூட்டினார். எல்லாம் பெஞ்சில் உட்காரும் குடும்பத்து ஆட்கள்; மாரக்காளைப் போன்ற காலனிக்காரர்களுக்குக் கோயிலில் தரைதான். "களக்கொத்து புடிக்கறவளுக்குக் கடவுள் பொம்பளயாத் தெரியறாராமா" என்று சிரித்தார்கள். அடுத்த திருவிருந்தில், இயேசுவின் நினைவாக எல்லாருக்கும் அப்பம் கொடுத்தபோது, மாரக்காள் நீட்டிய கையைத் தாண்டி அப்பத்தட்டு போனது. சாகும்வரை அப்படித்தான். அவளும் ஒவ்வொரு முறையும் கையை நீட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

பெட்டியைப் பெண்களே தூக்கினார்கள். சுற்றுப்பட்டு ஊர்க்காடுகளில் வேலையை விட்டுவிட்டு வந்த கூட்டம் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியேயும் நின்றது. குழியோரம் அமுதவல்லி ஜெபித்தாள். பிறகு தாம்பாளத்தில் அப்பத்தைப் பிட்டு வைத்தாள்.

"குருப்பட்டம் வாங்காத பொம்பள இதத் தொடக் கூடாது" என்றார் மயில்சாமி.

"எங்கம்மாவுக்குக் குடுக்காத அப்பமுங்க இது. வேணுங்கறவங்க எடுத்துக்கங்க."

முதலில் வந்தது மயில்சாமியின் மனைவி வசந்தாமணி. புருஷனைத் திரும்பியும் பார்க்காமல் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். அப்புறம் பெஞ்சுக் குடும்பங்களும் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியில், தனித்து நின்ற மயில்சாமியும் வந்து கையை நீட்டினார்.

அமுதவல்லி அந்தக் கையை நன்றாகப் பார்த்தாள். ஊரும் பார்க்கட்டும் என்று சற்று நின்றாள். பிறகு தாம்பாளத்தோடு அதைத் தாண்டிப் போனாள்.

மாரக்காளோடு களையெடுத்த சித்ரா அமுதவல்லியின் முழங்கையைப் பிடித்தாள். "அக்கா இருந்தா குடுத்திருக்கும், சாமி."

"குடுத்திருக்கும், சின்னம்மா. நான் குடுக்க மாட்டேன்."

மயில்சாமியின் கை இன்னும் இறங்கவில்லை. யாரும் அவரிடம் போகவில்லை.

மிச்சமிருந்த துண்டை அமுதவல்லி தன் வாயில் போட்டாள். விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தாள். சித்ரா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவள் வாங்காமல் குனிந்து, குழியில் போட ஒரு கை மண் அள்ளினாள்.