நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து அடிக்குறிப்பு

நான் லிஃப்ட்டின் எதிர்பாராத விளைவு. தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகத்தின் அறிக்கையில் அப்படித்தான் போட்டிருக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், அடிக்குறிப்பு. அதுவும் பொடி எழுத்தில்.

ஒரு கருவி வந்தால் அதனால் என்ன நன்மை, என்ன கெடுதல் என்று ஆராய்ந்து சட்டமன்றத்துக்குச் சொல்வது அந்த அலுவலகத்தின் வேலை. லிஃப்ட்டை ஆராய அவர்களுக்கு ஐம்பத்தேழு வருடம் பிடித்தது. இன்று வாக்கெடுப்பு. லிஃப்ட் வேண்டாம் என்று முடிவானால் அது முன்தேதியிட்டு அமலுக்கு வரும். விளைவுகள் எல்லாம் மாலை ஐந்து மணிக்கு இல்லாமல் போய்விட வேண்டும். ஐந்துக்குள் முடிவே எடுக்காவிட்டாலும் அப்படித்தான். எனக்கு நாற்பத்தொரு வயது. சனிக்கிழமை ஒரு கல்யாணத்துக்கு வேறு போக வேண்டும். பயமாகத்தான் இருந்தது.

விளைவுகள் காத்திருக்கத் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். மாடி ஏறாததால் வந்த தொப்பை ஒன்று அதில் இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அது அறிக்கையில் மூன்றாம் பக்கத்திலேயே வருகிறதாம். அந்தத் திமிர் அதற்கு இருந்தது. நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன். தாழ்வாரமும் சற்று நீண்டு இடம் கொடுத்தது.

மதிப்பீட்டு அலுவலர் மீனலோசனி ஒரு படிவம் கொடுத்தார். நான் நன்மையா, கெடுதலா? ஒரு கட்டத்தில் மட்டும் டிக் செய்ய வேண்டும். ஒரு நாள் அப்படியும் ஒரு நாள் இப்படியும் இருப்பேன் என்றேன். அதற்குக் கட்டம் இல்லை என்றார். கூட வந்திருந்த அம்மாவைக் கேட்டேன். அம்மா யோசித்தாள். அவள் யோசித்தது எனக்கு வருத்தமாக இருந்தது.

முதலில் பொதுமக்கள் கருத்து. பொதுமக்களாக என் பக்கத்து வீட்டு தேவசகாயம் வந்திருந்தார். நான் அவருடைய ஏணியை வாங்கிப்போய் இரண்டு வருடமாகத் திருப்பித் தரவில்லை என்றார். ஏணி லிஃப்ட்டுக்குப் போட்டியான தொழில்நுட்பம் என்பதால் அதை முக்கியமான ஆதாரமாகக் குறித்துக்கொண்டார்கள். அவர் போண்டா சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

அடுத்து அம்மா சாட்சி சொன்னாள். அவள் அப்போது ஓர் அலுவலகத்தின் ஆறாவது மாடியில் டைப்பிஸ்ட். அப்பா அங்கே மேலாளருக்கு ஒரு பலாப்பழம் கொண்டுபோனார். மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. நாற்பது நிமிடம். முதல் முப்பது நிமிடம் யார் பட்டனைத் தப்பாக அமுக்கியது என்று இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். பிறகு பசித்தது. பழம் நன்றாகப் பழுத்திருந்ததால் கையாலேயே பிளக்க முடிந்தது.

"அப்புறம் ஏன் சண்டை நின்றது?" என்று மீனலோசனி கேட்டார்.

"கையெல்லாம் பிசின். அதோட எப்படிம்மா சண்டை போடுறது?"

அம்மா ஆதாரத்துக்காக ஒரு பலாப்பழமும் கொண்டுவந்திருந்தாள். அதற்குச் சீட்டு ஒட்டி, சபையில் காட்டச் சொன்னார்கள்.

சபை ஆறாவது மாடியில். உறுப்பினர்கள் யாரும் அறிக்கையைப் படித்திருக்கவில்லை. ஆயிரத்து நூறு பக்கம். ஆனால் எல்லோரும் போன வாரமே முடிவு செய்திருந்தார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் லிஃப்ட் கட்சி, மீதிப் பேர் படிக்கட்டுக் கட்சி. படிக்கட்டுக் கட்சிக்கு இரண்டு பேர் அதிகம். முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று அவர்களும் லிஃப்ட்டுக்கே வந்தார்கள். இருநூற்றுப் பத்துப் பேரும் ஒரே லிஃப்ட்டில் ஏறினார்கள். கடைசியாகப் பலாப்பழத்தை ஏற்றினார்கள். கதவு மூடியது.

மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. அப்போது மணி நான்கு பதினைந்து.

லிஃப்ட் இயக்குபவர் நேராக என்னிடம் வந்து சாவியைக் கொடுத்தார்.

"நீங்களே திறங்க சார். பாதிக்கப்படுறவர்தான் திறக்கணும்னு விதி."

நான் அம்மாவோடு நான்காவது மாடிக்கு ஓடினேன். உள்ளே பட்டனை யார் அமுக்கியது என்று இருநூற்றுப் பத்துப் பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். திறந்தால் மேலே போய் என்னை இல்லாமல் செய்வார்கள். திறக்காவிட்டாலும் ஐந்து மணிக்கு நான் இல்லை. எனக்கு அழுகை வந்தது. அம்மா சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

நான்கு நாற்பத்தைந்துக்குச் சத்தம் நின்றது. கதவு இடுக்கு வழியாகப் பலாப்பழ வாசனை வந்தது. உள்ளே யாரோ யாரையோ, "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டார். இன்னொருவர் அறிக்கையில் ஒரு பக்கத்தைக் கிழித்துத் தரச் சொன்னார், கொட்டையைப் போட. போடும் முன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரோ உரக்கப் படிக்க ஆரம்பித்தார்கள். பொடி எழுத்து போலிருக்கிறது. தடுமாறிப் படித்தார்கள்.

மணி நான்கு ஐம்பத்திரண்டு. "அம்மா, திறக்கலாம்மா" என்றேன்.

அம்மா மீனலோசனியிடம் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் வாங்கிவரச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இருடா. எல்லார் கையிலயும் பிசின் ஒட்டட்டும்."