மூன்று மணி விமானம்

"நல்லா ஏறி உக்காரு" என்றான் கணவன்.

அவள் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தாள். அவன் ஜிப்பை மூலை மூலையாக இழுத்துக்கொண்டு போனான். பாதி வழியில் சிக்கியது. திறந்து, துருத்திக்கொண்டிருந்த காற்று மெத்தையின் மடிப்பை உள்ளே தள்ளிவிட்டு மறுபடி மூடினான்.

லிஃப்ட் மெக்கானிக் அவன். எதைக் கட்டினாலும் இரண்டு தரம் இழுத்துப் பார்க்காமல் விடமாட்டான். ஜிப்பின் இரண்டு நாக்குகளையும் சேர்த்து நம்பர் பூட்டைப் போட்டான். பிறகு வயர் கட்டுகிற பிளாஸ்டிக் டை ஒன்றை எடுத்து, நாக்குகளைக் கைப்பிடியோடு இறுக்கினான்.

"பூட்டு இருக்கே, அப்புறம் இது எதுக்கு?"

"பூட்டை மட்டும் நம்பக் கூடாது. ஜிப்பை ஒரு பேனா முனையால குத்தினா வாயைப் பிளந்துடும். எடுக்கறதை எடுத்துட்டு நாக்கை ஒரு இழு இழுத்தா மறுபடி மூடிக்கும். பூட்டு பூட்டினபடியே இருக்கும். இப்படிக் கட்டிட்டா நாக்கு நகராது."

பெட்டி தொலைந்துபோனாலும் அடையாளம் சொல்ல முடியவேண்டும் என்று, மூடுவதற்கு முன்பே அவன் உள்ளே இருந்ததையெல்லாம் ஃபோனில் படம் எடுத்து அவளுக்கு அனுப்பியிருந்தான். பெயரும் முகவரியும் எழுதிய சீட்டு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. குறுக்கே சிவப்பு பெல்ட். குளியலறையிலிருந்து எடை பார்க்கும் மிஷினைக் கொண்டுவந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதன்மேல் ஏறி நின்றான்.

"என் எடையைக் கழிச்சா இருபத்திரண்டு. ஒரு கிலோ இடம் இருக்கு" என்றான்.

"அப்ப இன்னும் ரெண்டு நைட்டி வெக்கலாம்ல?" என்றாள் அவள்.

அவன் பெட்டியைக் கீழே வைத்தான்.

அம்மா இடுப்பெலும்பு முறிந்து அண்ணன் வீட்டில் படுத்து மூன்று வாரமாகிறது. முதுகில் புண் வந்துவிட்டது என்று அண்ணன் சொன்ன அன்றே, புண் வராமல் காக்கும் காற்று மெத்தையை அவள் கடைகடையாய்த் தேடி வாங்கினாள். மோட்டார் பம்பை மாட்டிவிட்டால் அதன் குமிழ்கள் மாறி மாறி உப்பும், தணியும். ஹாலில் விரித்து, தானே அதில் படுத்துப் பார்த்தாள். முன்பக்கம் பித்தான் வைத்த நைட்டிகள் ஆறு தைத்தாள். ஊருக்குப் போக அடுத்த வாரம் டிக்கெட் போடுவதாக இருந்தது.

இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு, வேலைக்குப் போன கணவன் திரும்பி வந்தான். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மாவுக்கு நெஞ்சுல சளி கட்டிடுச்சாம். ஐசியூல சேர்த்திருக்காங்க. நீ இன்னிக்கே கிளம்பு."

இரண்டு விமானங்கள் இருந்தன. ஒன்று மூன்று மணிக்கு. கடைசியாக மிஞ்சிய ஒரே சீட்டு, கைப்பை மட்டும்தான். ஏழு மணிக்குள் வீட்டில் இருக்கலாம். இன்னொன்று ஆறு மணிக்கு, நடுவில் ஒரு ஊரில் இறங்கி ஏறவேண்டும், மறுநாள் காலை ஒன்பதுக்குத்தான் போய்ச் சேரும். அதிலும் ஒரு சீட்டுதான் மிச்சம், ஆனால் பெட்டி எடுத்துப் போகலாம்.

"எதுல போட?" என்று கேட்டான்.

"ஐசியூல இருந்து வெளிய வந்தா மெத்தை வேணுமே. வெறுங்கையோட போய் நான் என்ன பண்ணப்போறேன்? ஆறு மணியே போடுங்க." சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "இல்ல, மூணு மணியில போகணுமா? அவ்வளவு மோசமா?"

அவன் ஃபோனைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"உன் இஷ்டம்" என்றான்.

விமான நிலையத்தில் பெட்டி பெல்ட்டில் ஏறி உள்ளே போகும்வரை நின்றான். "நாளைக்கு மத்தியானம் நானும் வந்துடறேன்" என்றான்.

"நீங்க எதுக்கு? ஐசியூல ஒருத்தரைத்தான் விடுவாங்க."

"பரவாயில்ல, வரேன்."

கல்யாணமாகிப் பதினாலு வருஷம். அவள் கேட்காமலே லீவு போட்டுவிட்டு அம்மாவைப் பார்க்க வருகிறேன் என்று அவன் சொன்னது இதுதான் முதல் தடவை. விமானம் கிளம்பிய பிறகும் அதை நினைத்து அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு இறங்கினாள். பெட்டிகள் சுற்றி வந்தன, ஆட்கள் குறைந்துகொண்டே போனார்கள். எல்லோருக்கும் கடைசியாக, ஒன்பதே முக்காலுக்கு அவள் பெட்டி வந்தது. சிவப்பு பெல்ட்டைக் காணோம். டை அறுந்திருந்தது. பூட்டு மட்டும் பத்திரமாக இருந்தது.

தரையிலேயே உட்கார்ந்து திறந்தாள். மெத்தை இருந்தது. நைட்டிகள் கலைந்திருந்தன. பம்ப் இல்லை.

புகார் மேஜையில் இருந்த பெண் நிதானமாகக் கேட்டாள். "மோட்டார், வயர் எல்லாம் இருந்துச்சுன்னா ஸ்கேன்ல சந்தேகப்பட்டுத் திறந்திருப்பாங்க. எடுத்தவங்க திருப்பி வெக்காம விட்டிருக்கலாம். என்ன பொருள்னு தெளிவா எழுதுங்க. படம் எதாவது இருக்கா?"

ஃபோனில் படத்தைக் காட்டினாள். திறந்த பெட்டி, நடுவில் வெள்ளைப் பம்ப், ஓரத்தில் அவளுடைய பாதி முகம். ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அண்ணன் கூப்பிட்டான்.

"குட்டி, இறங்கிட்டியா? வெளிய அத்தான் ஒரு மணி நேரமா நிக்கிறாராம்."

"பெட்டியை உடைச்சிருக்காங்கண்ணே. புகார் எழுதிட்டிருக்கேன்."

"பெட்டி கெடக்குது. நீ கிளம்பி வா."

"பம்ப்பைக் காணோம். பம்ப் இல்லாம மெத்தையை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? அம்மா புண்ணோட எப்படிப் படுக்கும்?"

அண்ணன் பக்கத்தில் நிறையப் பேர் நடக்கிற சத்தமும், யாரோ ஒருவர் 'வண்டி வந்தாச்சு' என்கிற குரலும் கேட்டன.

"அங்க என்னண்ணே சத்தம்?"

"ஆஸ்பத்திரி கேன்டீன்ல நிக்கிறேன்" என்றான். பிறகு, "சரி, எழுதிட்டு வா" என்று வைத்துவிட்டான்.

அவள் எழுதினாள். நிறம், அளவு, எத்தனை வோல்ட். 'பொருளின் அவசியம்' என்று ஒரு கட்டம் இருந்தது. நோயாளியான தாய்க்கு, உடனடியாகத் தேவை என்று எழுதி, 'உடனடியாக' என்பதன் அடியில் கோடு போட்டாள்.

வெளியே வந்தபோது பத்தே முக்கால். அத்தான், அக்காவின் கணவர், பெட்டியை வாங்கிக் காரில் வைத்தார். எப்போதும் வாய் ஓயாமல் பேசுகிறவர், வண்டியை எடுக்கும்போது பின்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.

மேம்பாலம் தாண்டியதும் ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் சாலை வந்தது. கார் நேரே போனது.

"அத்தான், இப்படித்தானே திரும்பணும்?"

அவர் கியரை மாற்றினார்.

"அத்தான்."

"அழாத குட்டி" என்றார். அவள் அதுவரை அழவில்லை.

"எப்ப?"

"எல்லாரும் உன் நல்லதுக்குத்தான்..."

"எப்பன்னு கேட்டேன்."

"நேத்துக் காலைல. பத்தே காலுக்கு."

வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒருவர் அடுக்கிக்கொண்டிருந்தார். கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரம் காயவில்லை. அக்கா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள் அக்காவின் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தாள். அம்மாவின் கட்டில் சுவரோரம் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

"எங்க?"

"எடுத்துட்டாங்கடி. பத்தரைக்கு. சாயங்காலம் நாலு மணிக்குன்னுதான் வெச்சிருந்தோம். விடிகாலைல ஐஸ் பெட்டி மோட்டார் நின்னுபோச்சு. வேற பெட்டி கிடைக்கல. இந்த வெயில்ல எவ்வளவு நேரம்... பெரியவங்க எல்லாரும் எடுத்துடலாம்னுட்டாங்க. உனக்காகத்தான் பத்தரை வரைக்கும் பிடிச்சு வெச்சிருந்தோம்."

பத்தரைக்கு அவள் எத்தனை வோல்ட் என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

மதியம் அடக்கம் முடிந்து அண்ணன் வந்தான். ஈரத்தலையோடு அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தான்.

"தனியா வர்றவ, வழியில உனக்கு எதாவது ஆயிட்டா? அந்தப் பயத்துலதான் குட்டி சொல்ல வேணாம்னேன். உன் வீட்டுக்காரர்கிட்டயும் சத்தியம் வாங்கினேன்."

"அவருக்கு எத்தனை மணிக்குச் சொன்ன?"

"உடனேதான். பத்தரை இருக்கும்."

அவள் ஃபோனை எடுத்து அந்தப் படத்தைத் திறந்தாள். எடுத்த நேரம் கீழே இருந்தது. பகல் ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம். அம்மா போய் மூன்று மணி நேரம். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் எதிரே நின்று, வெளிச்சம் போதவில்லை, கொஞ்சம் தள்ளு என்று சொல்லி இன்னொன்று எடுத்தான். எதற்காகச் சிரித்தோம் என்பதும் நினைவுக்கு வந்தது. இந்த மெத்தையில் படுத்தால் அம்மா எழுந்திருக்கவே மாட்டாள், அவ்வளவு சுகம் என்று சொல்லியிருந்தாள்.

மூன்று மணிக்குக் கணவன் வந்தான். தோளில் ஒரு பை மட்டும். அவள் பின்கட்டில், கொடியில் கிடந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் படுக்கை விரிப்புகளைக் காலையிலேயே யாரோ துவைத்துப் போட்டிருந்தார்கள்.

அவன் பையைக் கீழே இறக்கி வைத்தான்.

"நாலு மணிக்குத்தான்னு சொன்னாங்க. நீ ஒன்பதுக்கு இறங்கினா நிச்சயம் முகம் பார்த்துடலாம்னு நினைச்சேன்" என்றான். "பன்னெண்டு மணிக்கு வந்தப்ப சொல்லிடணும்னுதான் வந்தேன். நீ மெத்தையை மடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த. வாய் வரல."

அவள் கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

"அண்ணன் பயந்தான், சரி. அவன் எங்கேயோ இருந்தான்" என்றாள். "நீங்க பக்கத்துல இருந்தீங்க. மூணு மணியில போகணுமான்னு உங்களைத்தான் கேட்டேன்."

"கேட்ட."

"உன் இஷ்டம்னீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். உள்ளே அக்கா யாருக்கோ தண்ணீர் மொண்டு கொடுக்கும் சத்தம் கேட்டது.

அவள் பெரிய விரிப்பைக் கொடியிலிருந்து இழுத்தாள். இரட்டைக் கட்டிலுக்கானது, ஒருவராக மடிக்க முடியாத நீளம். மறுமுனை தரையில் விழப்போனது. அவன் சட்டென்று குனிந்து அதைப் பிடித்தான். வீட்டில் செய்கிற மாதிரி, இரண்டு நுனிகளையும் விரல்களில் பிடித்துக்கொண்டு, அவள் அடுத்த மடிப்பைச் சொல்வதற்காக நின்றான்.

அவள் விரிப்பைத் தன் பக்கமாக இழுத்தாள். அவன் விரல்களிலிருந்து அது நழுவி வந்தது. ஒரு நுனியை மோவாய்க்கடியில் இடுக்கிக்கொண்டு, கைகளை அகல விரித்து, தனியாக மடிக்கத் தொடங்கினாள்.