பன்னிரண்டில் ஐந்து

"பால் தீயுது! வீட்டுல யாரும் இல்லையா?" என்று மாடி வீட்டுக்காரி வந்து கதவை இடித்தபோது, தையல்காரம்மாவும் அவள் கணவரும் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். பாத்திரம் கரிக்கட்டையாகிவிட்டது.

அன்றிலிருந்து அவளுக்குக் கணவரைப் பற்றிக் கவலை. வாசனை தெரியாமல் போவது மறதி நோய்க்கு முன்னறிகுறியாக இருக்கலாம் என்று எதிலோ படித்திருந்தாள். போன வாரம்தான் மனுஷன் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடினார். கையோடு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா பேனா மாதிரி இருந்த பன்னிரண்டு வாசனைக் குச்சிகளை ஒவ்வொன்றாக நீட்டினார். முப்பத்தைந்து வருஷம் குழாய் ரிப்பேர் பார்த்த மூக்கு அது. எலுமிச்சை, சோப்பு, மீன் என்று பதினொன்றைச் சரியாகச் சொல்லிவிட்டது.

"அப்போ பால் தீஞ்சப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று பாய்ந்தாள்.

"வாசனை வந்துச்சு. நீ ஏதோ புதுசா சமைக்கிறேன்னு நினைச்சேன். கேட்டா திட்டுவியே!"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "சரி, உங்களுக்கு ஏம்மா தெரியலை?" என்று குச்சிகளை அவள் பக்கம் திருப்பினார்.

பன்னிரண்டில் ஐந்து.

"எனக்கு எல்லாம் மறந்துபோயிடுமா டாக்டர்?"

"சிலருக்கு மறதிக்கு முன்னாடி இப்படி வரும். எல்லாருக்கும் அப்படி இல்லை. சளி, வயசு, எதனாலயும் இருக்கலாம். முழுசா பார்த்துடுவோம்மா."

கணவர் நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஞாபகச் சோதனையில் டாக்டரம்மா சொன்ன ஐந்து வார்த்தைகளையும் பிசகாமல் ஒப்பித்தாள். போதாதென்று, "உங்க கோட்டுல இடது கை அரை அங்குலம் நீளம்" என்றும் சொன்னாள். மூக்கினுள் பழைய வீக்கம் இருந்தது. சொட்டு மருந்தோடு, தினமும் நாலு வாசனைகளை முகர்ந்து பழகச் சொன்னார் டாக்டரம்மா. வருஷத்துக்கு ஒருமுறை ஞாபகச் சோதனைக்கும் வரச்சொன்னார்.

தினமும் காலையில் அவள் கண்ணை மூட, கணவர் வாசனைக் குப்பிகளை நீட்டுவார். இரண்டு மாதம் "தெரியலை" என்பதே பதில். ஒருநாள் குறும்பாக, தான் கழற்றிப்போட்ட காலுறையை நீட்டினார்.

"சீ! என்ன கண்றாவி இது?" என்று துள்ளி எழுந்தாள்.

அவள் அதை வெடுக்கென்று பிடுங்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டே இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"நாறுதுங்க!" என்றாள். "நல்லாவே நாறுது!"