நம் வீட்டுத் திருடன்

மாப்பிள்ளை பார்க்கப் போகிறவருக்கு உரிய மிடுக்கோடு, இஸ்திரி போட்ட சட்டையில்தான் பெரியப்பா தம்பி வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, அவர் முன்னால் இருபது முகமுள்ள ஒரு பகடையை வைத்தார்கள்.

தம்பி மகள் அச்சகத்தில் வேலை பார்க்கும் ஒரு பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். "அவர் எப்படிப்பட்டவர்னு தெரியணும்னா, அவர் நடத்துற ஆட்டத்துல ஒரு தடவை உட்காருங்க பெரியப்பா" என்று சொல்லியிருந்தாள். பெரியப்பா சரி என்றால் கல்யாணம், இல்லையென்றால் இல்லை. அந்தக் குடும்பத்தில் அதற்கு மேல் முறையீடு கிடையாது.

பையன் ஆட்டத்தை விளக்கினான். ஆளுக்கொரு வேஷம். நான்கு பேரும் பாழடைந்த கோட்டைக்குள் போய், ராஜாவிடமிருந்து களவுபோன கிரீடத்தை மீட்டு வர வேண்டும். எதிரில் வருகிறவர்கள் எல்லோருக்கும் பையனே பேசுவான். நடக்குமா நடக்காதா என்று வந்தால் பகடை சொல்லும்.

"முதல்ல ஒரு மந்திரவாதியை எடுத்துக்கலாம் ஐயா. எல்லாரும் எடுப்பாங்க."

"அவன் என்ன பண்ணுவான்?"

"மந்திரம் சொன்னா நெருப்பு வரும், பூட்டு திறக்கும். ஆனா ரெண்டு மந்திரத்துக்கு மேல தாங்க மாட்டான். களைச்சுப்போய்ப் படுத்துருவான். மத்தவங்க காவல் இருக்கணும்."

பெரியப்பா முதுகை நிமிர்த்தினார். "முணுமுணுத்துட்டுப் படுத்துக்கிறவனுக்கு மத்தவங்க காவலா? நம்ம வீட்டுல அப்படி ஒருத்தரும் இருந்ததில்ல. வேண்டாம்."

தம்பி மனைவி தன் கணவரைப் பார்த்தாள். தம்பி பகடையைப் பார்த்தார்.

கிடங்கு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பாவுக்கு ஆளெடுப்பது புதிதல்ல. தம்பி மருந்துக்கடைக்காரர், எனவே வைத்தியர். தம்பி மனைவி யாரும் கேட்பதற்கு முன்பே வாளை எடுத்துக்கொண்டாள். "ரொம்ப நாளா ஆசை மாமா" என்றாள். யாரும் விசாரிக்கவில்லை. மகள் வில்லாளி.

"வில்லுக்கு ரெண்டு கையும் வேணும். அப்ப தீவட்டியை யார் பிடிக்கிறது?" என்றார் பெரியப்பா.

பையன் தலையைத் தூக்கிப் பார்த்தான். "இதை யாருமே கேட்டதில்ல ஐயா."

"வைத்தியர் பிடிக்கட்டும்."

"கடையிலயும் நான்தான் லைட் போடுறேன், இங்கயும் நானா?" என்றார் தம்பி.

பையன் தயங்கினான். "இன்னும் ஒண்ணு ஐயா. மந்திரவாதி இல்லேன்னா பூட்டைத் திறக்க ஒரு திருடன் வேணும்."

பெரியப்பா பகடையைத் தள்ளி வைத்தார்.

"நான் வேணா மாறிக்கிறேன் பெரியப்பா. விளையாட்டுதானே" என்றாள் மகள்.

"பொண்ணு பார்த்த அன்னைக்கு அவ திருடியா இருந்தாள்னு நாளைக்கு ஒருத்தர் சொல்லக்கூடாது. அந்தப் பேரை நான் எடுத்துக்கிறேன். மூத்தவன் நான் எதுக்கு இருக்கேன்?"

கோட்டைக்குள் போனார்கள். கிரீடம் இருந்த அறை வாசலில் ஒரு காவலாளி தூங்கிக்கொண்டிருந்தான். சாவி அவன் இடுப்பில்.

"நீங்க இருட்டுல நிக்கிறீங்க ஐயா. சாவியை உருவிடலாம். ரொம்பச் சுலபம்."

"தூங்குறவன் இடுப்புல கை வைக்க மாட்டேன். தட்டி எழுப்புறேன். 'தம்பி, இது ராஜாவோட கிரீடம், சாவியைக் கொடு'ன்னு கேக்குறேன்."

மகள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். பையன் சிரிக்கவில்லை. காவலாளியாகவே கண்ணைக் கசக்கினான். "யாருப்பா நீ? யார் வீட்டுப் பிள்ளை?"

பெரியப்பாவுக்குக் கேள்வி பிடித்துப்போயிற்று. திருடனின் அப்பா, தாத்தா, அவருக்கும் முந்தினவர் என்று ஒரு கறை இல்லாத வம்சத்தை எடுத்துச் சொன்னார்.

"நல்ல குடும்பமாத்தான் இருக்கு. நீ என்ன தொழில் பண்றே?"

பெரியப்பா பொய் சொல்லிப் பழகாதவர். "திருட்டு" என்றார்.

பதினைந்துக்கு மேல் விழுந்தால் காவலாளி நம்புவான். பெரியப்பா பகடையை உருட்டினார். மூன்று விழுந்தது.

"தம்பி, அண்ணன் முதல் தடவை ஆடுறார். பதினேழுன்னு வச்சுக்கங்களேன்" என்று தம்பி பையனிடம் கிசுகிசுத்தார். மகளும் கண்ணாலேயே கெஞ்சினாள். அவளுடைய கல்யாணமே அந்தப் பகடைமேல் உட்கார்ந்திருந்தது.

பையன் பகடையை மறுபடி ஒருமுறை பார்த்தான். "மூணுதான் விழுந்திருக்கு ஐயா. காவலாளி உங்களைப் பிடிச்சுச் சிறையில போட்டுட்டான்."

"நான் போய்க் கதவை உடைச்சுட்டு வரேன் மாமா" என்று தம்பி மனைவி எழுந்தே விட்டாள்.

"உட்காரும்மா. நம்ம வீட்டு ஆள் சிறையிலிருந்து ஓடிப்போனான்னு பேர் வரக்கூடாது." பெரியப்பா பையனை நெடுநேரம் பார்த்தார். ஆசைப்பட்ட பெண் எதிரிலேயே இருந்தும் மூன்றை மூன்று என்று சொன்னவன். "உங்க அப்பா என்ன பண்றார்?"

"வக்கீல் குமாஸ்தாவா இருந்து ரிட்டயர் ஆனவர் ஐயா."

"நல்லதாப் போச்சு. அம்மாவையும் கூட்டிக்கிட்டு ஞாயித்துக்கிழமை பேச வரச் சொல்லுங்க. கல்யாணத் தேதியை முடிவு பண்ணிட்டு, அப்படியே என்னை ஜாமீன்ல எடுக்கட்டும்."

மகள் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது.

"அதுவரைக்கும் பெரியப்பா?"

"அதுவரைக்கும் உள்ளதான் இருப்பேன்" என்று நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப்போட்டு, பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.