பணியாரக் கடைக்கு நூற்றியொன்று

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்கப் போவதுதான் வழக்கம். பிரையனுக்கு மட்டும் எல்லாம் தலைகீழாக நடந்தது. அபிராமியின் அம்மா சிவகாமி எண்ணெய்ச் சட்டியும் மாவு வாளியுமாக, அவனைப் பார்க்க அவனுடைய தேவாலய மண்டபத்துக்கே வந்து இறங்கிவிட்டார்.

ஜார்ஜ்டவுனில் அன்று அந்தத் தேவாலயத்தின் உணவுச் சந்தை. பக்கத்துக் கெலுகோரில் தன்னோடு கணினி வேலை பார்க்கும் அபிராமியைத்தான் கட்டுவேன் என்று பிரையன் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. அவன் வீட்டில் சரி என்று சொல்லிவிட்டார்கள். அபிராமியின் செட்டியார் வீட்டில் சிவகாமி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "பையன் எப்படின்னு நேர்ல பாக்கிறேன்லா" என்றார். அதற்காகத்தான் இந்தப் பணியாரக் கடை.

பிரையன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இந்த வருடம் யாரும் வரிசையில் நிற்க வேண்டாம், போனிலேயே ஆர்டர் போடலாம் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். மண்டபத்து மூலையில் ஒரு சின்னக் கணினி, அதற்குள் கடைக்கு ஒன்றாக, அந்தந்தக் கடையின் ஆர்டரைத் தனியாகக் கவனிக்கும் லினக்ஸ் கன்டெய்னர்.

"துறைமுகத்துல நிக்குமே, அந்தப் பெட்டியா தம்பி?" என்று சிவகாமி கேட்டார்.

"அஞ்சறைப் பெட்டி மாதிரி ஆன்ட்டி. ஒரு அறையில கொட்டினாலும் பக்கத்து அறை கெடாது."

அவர் "ம்" என்றார். அந்த "ம்" நல்லதா கெட்டதா என்று பெற்ற மகளுக்கே விளங்கவில்லை.

காலையிலிருந்தே செண்டோல் பானக் கடை, நாசி லெமாக் சோற்றுக் கடை எல்லாம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு ஓடின. சிவகாமி வந்த பிறகு பணியாரக் கடைக்கான கன்டெய்னரைப் பிரையன் புதிதாகத் தொடங்கினான். இரண்டு ஆர்டர் வந்தது. மூன்றாவதிலிருந்து எல்லார் போனிலும் வட்டம் சுற்றியது.

"நீ கையெடுத்து ஒரு கும்பிடு போடு, நான் ஒரு சிலுவை போடுறேன்" என்றான் பிரையன்.

"முதல்ல உள்ள போய்ப் பாரு" என்றாள் அபிராமி.

பார்த்தான். கன்டெய்னருக்குள் எல்லாம் நலம். உள்ளேயிருந்து கேட்டால் உடனே பதில் வருகிறது. வெளியிலிருந்து கேட்டால்தான் ஊமை. தடுப்பு ஏதும் இல்லை, கதவெல்லாம் திறந்தே கிடக்கிறது. நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் கொஞ்ச நேரம் சமர்த்தாக வேலை செய்கிறது, அப்புறம் பழைய குருடி. இதற்குள் பணியாரக் கடை முன்னால் வரிசை நீண்டுவிட்டது. வரிசையே வராது என்று சொன்ன சந்தையில் அந்த ஒரு கடைக்கு மட்டும் வரிசை. சிவகாமி அவன் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால்கூடப் பிரையனுக்குத் தேவலை என்றிருந்தது.

கடைசியாக ஒரு தடவை பார்ப்போம் என்று கன்டெய்னரை நிறுத்தினான். தொடங்குவதற்கு முன் அபிராமி அவன் கையைப் பிடித்தாள்.

"இரு. அங்க பாரு."

திரையின் ஓரத்தில், அந்தக் கன்டெய்னருக்குக் கொடுத்திருந்த நெட்வொர்க் முகவரியை நோக்கி "இருக்கிறாயா" என்று கேட்டுக்கொண்டே இருந்தது வேறொரு ஜன்னல். கன்டெய்னர் நின்றுவிட்டது. ஆனால் "இருக்கிறேன், இருக்கிறேன்" என்று பதில் மட்டும் நிற்காமல் வந்தது.

"அப்ப நம்ம வீட்டுல வேற யாரோ குடியிருக்காங்க" என்றான் பிரையன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு. புது ஆள் வந்ததும் நான்தான் என்று கூவுகிறான், கடிதமெல்லாம் அவனுக்கு வருகிறது. பிறகு பழையவன் குரல் கொடுத்ததும் எல்லாம் அங்கே போய்விடுகிறது. அபிராமி வீட்டார் வந்த பிறகு புதிதாக எதைச் சொருகினார்கள் என்று தேடினால், சிவகாமியின் மேசைக்கடியில் ஒரு பில் பிரிண்டர் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது. அபிராமியின் அண்ணன் கணேஷ் தங்கள் உணவகத்திலிருந்து கொண்டுவந்து மாட்டியது. பிரையன் அதன் வயரைப் பிடுங்கினான். பதில் நின்றது.

"அண்ணே, இதோட முகவரியில கடைசி நம்பர் என்ன?"

"நூத்தி ஒண்ணு" என்றார் கணேஷ், அம்மாவைக் கண்ணால் காட்டி. "கடை தொறந்த அன்னைக்கு ஆத்தா சொல்லி வச்சது. நூறுன்னு முடிச்சிடக் கூடாதாம்."

பிரையன் தலையைச் சொறிந்தான். "நானும் அதே நம்பர்தான் கொடுத்தேன். மத்த கடைக்கெல்லாம் பத்து, பதினொண்ணுன்னு வரிசையா. ஆன்ட்டி கடைக்கு மட்டும் தனியா எடுத்து வச்சேன். நீங்க மொய் வச்சா நூறோட ஒண்ணு சேத்துதான் வைப்பீங்கன்னு அபி சொல்லியிருக்கா."

கரண்டி எண்ணெய்க்கு மேலே அப்படியே நின்றது. சிவகாமி இப்போதுதான் திரும்பி அவனை நன்றாகப் பார்த்தார்.

"நான் மாத்திடறேன் ஆன்ட்டி. ஒரு நிமிஷம்தான், வேற நம்பர் போட்டா சரியாயிடும்."

"வேணாம்" என்றார் சிவகாமி. கரண்டியை வைத்துவிட்டுத் துண்டில் கை துடைத்தார். "கணேசு, நம்ம பிரிண்டர மாத்து. மாப்பிள்ளை வச்ச நம்பர் இருக்கட்டும்."

கணேஷ் வயரும் கையுமாக வாய் பிளந்து நின்றார். அபிராமி முகத்தைத் திருப்பிக்கொண்டு மாவைக் கலக்கு கலக்கென்று கலக்கினாள். அது ஏற்கெனவே கலக்கிய மாவு. பிரையன் கன்டெய்னரைத் தொடங்க உட்கார்ந்தான். தினமும் அடிக்கிற கட்டளையை இரண்டு முறை பிழையாக அடித்தான்.

மூன்றாவதாகச் சரியாக அடித்ததும் கன்டெய்னர் எழுந்தது. வரிசையில் நின்றவர்களின் போன்களிலெல்லாம் வட்டம் நின்று பணியாரம் தெரிந்தது. ஆர்டர்கள் மளமளவென்று விழ ஆரம்பித்தன. அத்தனை பேரும் காத்திருக்க, சிவகாமி சட்டியிலிருந்து எடுத்த சூடான பணியாரத்தைத் தட்டில் வைத்து, காரச் சட்னியும் ஊற்றி, கணினிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். காலையில் அவனைத் தம்பி என்று கூப்பிட்டவர் இப்போது குரலைத் தணித்துக்கொண்டார்.

"சாப்பிட்டுட்டு அப்புறம் பாருங்க, மாப்பிள்ளை" என்றார்.